குட்டிச்சுவர்

அக்கா மகள் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ படிக்கிறாள். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க விடுவார்கள். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. ஒன்பதரைக்கே சாலையின் இரண்டு பக்கமும் கார், வேன், மொபெட் என்று வரிசை கட்டி நிற்கும். கேட் திறந்ததும் வேப்பமரத்து நிழலைப் பிடிக்க ஓட்டம். பாய் விரித்து, தூக்குப்போசியைத் திறந்து வைத்துவிட்டு, பிள்ளை வரும்வரை எல்லாரும் ஹாஸ்டல் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளை வந்து உட்கார்ந்ததும் எல்லாப் பாயிலும் முதல் கேள்வி ஒன்றுதான். "நல்லா இருக்கியா சாமி?" பிள்ளை தலையாட்டும். ஆட்டி முடிப்பதற்குள் இரண்டாவது கேள்வி வந்துவிடும். "வாரத் தேர்வுல எவ்வளவு?"

முதல் கேள்விக்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. இன்லேண்ட் லெட்டரில் "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதிய காலத்திலிருந்தே அப்படித்தான். சமாச்சாரம் அடுத்த வரியில்தான் இருக்கும். நானும் அப்படிக் கேட்கிறவன்தான். ஆனால் இந்தத் தடவை சட்டைப் பையில் ஒரு தாளை மடித்து வைத்திருந்தேன்.

தாள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக எனக்குச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டுவேன். போன முறை ஒரு சின்னப் பெண் டாக்டர் இருந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து, "கடைசி ரெண்டு வாரத்தை மட்டும் நினைச்சுக்கிட்டு இதுக்கு மார்க் போடுங்க சார்" என்றார். ஐந்தே ஐந்து வரிகள். மனசு சந்தோஷமாக இருந்ததா? அமைதியாக, பதற்றமில்லாமல் இருந்ததா? உடம்பு சுறுசுறுப்பாக இருந்ததா? காலையில் நன்றாகத் தூங்கி எழுந்த தெளிவோடு கண் விழித்தீர்களா? அன்றாட வாழ்க்கையில் உங்களுக்குப் பிடித்த விஷயங்கள் இருந்தனவா? ஒவ்வொன்றுக்கும் எப்போதும் என்றால் 5, ஒருபோதும் இல்லை என்றால் 0. மொத்தம் 25. அதை நாலால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 1998-ல் வெளியிட்ட கேள்விகள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 25-க்கு 13-க்குக் கீழே வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று இன்னும் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. அதனாலேயே நோய் என்று ஆகிவிடாது. எனக்கு 11 வந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை ஏன் ஏறுதுன்னு இப்பத் தெரியுது" என்றார். மாத்திரையைக் கூட்டவில்லை. ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த ஐந்து வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னை யோசிக்க வைத்தது அதில் இல்லாத கேள்விகள். என்ன சம்பளம், என்ன படிப்பு, சொந்த வீடா வாடகை வீடா, என்ன வியாதி என்று ஒன்றுகூட இல்லை. சர்க்கரைக்காரன் 22 வாங்கலாம், வியாதியே இல்லாதவன் 6 வாங்கலாம். 1948-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனமே இதைத்தான் சொல்கிறது: நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடலும் மனமும் சமூக வாழ்வும் முழுமையான நலத்தோடு இருக்க வேண்டும். அதில் 'முழுமையான' என்ற சொல் கொஞ்சம் அதிகப்படி. அப்படிப் பார்த்தால் எங்கள் தெருவில் ஒருவரும் தேற மாட்டார்கள். இருந்தாலும் சொல்ல வந்தது சரிதான். நம் அரசாங்கமும் துறைக்குப் பெயர் வைக்கும்போது நோய் என்றா வைத்தது? மக்கள் நல்வாழ்வுத் துறை என்றுதானே வைத்தது.

சரி, வேப்பமரத்தடிக்கு வருகிறேன். அக்கா கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் தாளை நீட்டினேன். "என்னங் மாமா, இங்கயும் டெஸ்டா?" என்றாள் மருமகள். படித்துப் பார்த்துவிட்டு, "மைனஸ் மார்க் உண்டுங்களா?" என்று கேட்டாள். நீட் தேர்வில் 180 கேள்வி, சரியான பதிலுக்கு 4, தப்புக்கு ஒன்று கழியும். இரண்டு வருடமாக அந்தக் கணக்கிலேயே மூச்சு விடுகிற பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்?

சந்தோஷத்துக்கு 2 போட்டாள். அமைதிக்கு 1. சுறுசுறுப்புக்கு 2. நாலாவதுக்கு வந்ததும் பேனாவை நிறுத்திச் சிரித்தாள். தெளிவோடு கண் விழிப்பதாம்! பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டு, அதற்குக் கண்ணும் வாயும் வைத்தாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் யோசித்து 3 போட்டாள். மொத்தம் 8. "ஃபெயிலுங்களா மாமா?" என்றாள். அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்க்கவே இல்லை. "சோத்தத் தின்னு கண்ணு, ஆறுது" என்றாள்.

அந்தப் பூஜ்யத்தைப் பற்றி முதலில் பேசலாம்.

ஹாஸ்டல் சுவரில் நேர அட்டவணை ஒட்டியிருக்கிறது. நாலரைக்கு மணி. ஐந்திலிருந்து ஏழு வரை படிப்பு. குளியல், டிபன். எட்டரைக்கு வகுப்பு. மாலை சிற்றுண்டிக்கு இருபது நிமிடம். பிறகு தேர்வு, மறுபடி படிப்பு. பத்தே முக்காலுக்கு விளக்கணைப்பு. படுத்தவுடன் தூக்கம் வந்தாலும் ஐந்தே முக்கால் மணி நேரம். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தேவை என்பது தூக்க மருத்துவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவு. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் மெலடோனின் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகிறது. பதினேழு வயசுப் பிள்ளை ராத்திரி பத்துக்குத் தூக்கம் வராமல் புரள்வதும், காலையில் எழுப்பினால் பிணம் போலக் கிடப்பதும் கொழுப்பு இல்லை, உடம்பின் வேலை. நாலரை மணிக்கு அதை எழுப்புவது, என்னை ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பிக் கணக்குப் போடச் சொல்வது போல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இதற்காகச் சட்டமே போட்டது. 2022 ஜூலையிலிருந்து அங்கே உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது. நாம் "விடியக்காலையில படிச்சா மனசுல நிக்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். எங்கள் அப்பாவும் அதைத்தான் சொன்னார். அவர் சொன்னபோது நான் ராத்திரி ஒன்பதுக்கே தூங்கியிருப்பேன் என்பதைச் சொல்ல விட்டுவிட்டார்.

விளையாட்டைப் பற்றி ஒரு வரி போதும். கணக்கு வாத்தியார் கடன் வாங்காத பி.டி. பீரியடைப் பார்த்தவர்கள் கை தூக்கலாம். உலக அளவிலேயே 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தேவையான அளவு உடல் அசைவு இல்லை. தினம் ஒரு மணி நேரம்தான் அந்த அளவு.

இப்போது என் கதை.

நான் பிளஸ் டூ எழுதியது 1998-ல். அப்போது மாலைப் பத்திரிகையில் பாஸானவர்களின் நம்பர் வரும். பத்திரிகைக் கட்டு பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பிய்த்துக்கொண்டு பார்ப்பார்கள். என் நம்பருக்கு முந்தின நம்பர் இருந்தது. அடுத்த நம்பரும் இருந்தது. நடுவில் நான் இல்லை. அச்சுப் பிழையாக இருக்கும் என்று வேறொரு பத்திரிகையும் வாங்கிப் பார்த்தேன். இயற்பியலில் 200-க்கு 61. தேற 70 வேண்டும்.

செப்டம்பரில் மறுபடி எழுதலாம். ஆனால் அதற்குள் கல்லூரிகளில் சேர்க்கை முடிந்துவிடும், ஒரு வருடம் போய்விடும். அந்த ஒரு வருடம்தான் பயம். மதிப்பெண் குறைந்ததைவிட, கூடப் படித்தவன் பஸ் ஏறிப் போகும்போது நாம் ரோட்டோரம் நிற்க வேண்டுமே என்பது. அப்பா மூன்று நாள் பேசவில்லை. அம்மா பேசினாள், அது இன்னும் மோசம். "குட்டிச்சுவராப் போயிட்டானே" என்று பக்கத்து வீட்டு மரத்தைப் பார்த்துச் சொல்வாள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர், பையன் கெட்டாலும் அதே.

வேடிக்கை என்னவென்றால் நான் நிஜமாகவே குட்டிச்சுவருக்குத்தான் போனேன். குமாரபாளையத்தில் எங்கள் தெரு முனையில் யாரோ கட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட சுவர் ஒன்று இடுப்பு உயரத்துக்கு நின்றது. பகலில் பெரியப்பாவின் தறிப்பட்டறையில் நூல் தார் போடுவேன். விசைத்தறிச் சத்தத்தில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்க முடியாது என்பது பெரிய நிம்மதி. சாயங்காலம் கரண்ட் போனதும் தறி நிற்கும், நாங்கள் நாலு பேர் சுவருக்குப் போவோம். ஒருவன் ஐடிஐ, ஒருவன் தறி ஓட்டுகிறவன், ஒருவன் என்னைப் போலவே நம்பர் வராதவன். பேசியது எதுவும் நினைவில்லை. ஆறுதல் சொன்ன ஞாபகமே இல்லை. கிரிக்கெட், சினிமா, யார் வீட்டில் என்ன குழம்பு. சில நாள் ஒன்றுமே பேசாமல் காவிரிப் பக்கம் கொக்கு போவதைப் பார்த்துவிட்டு எழுந்து வருவோம். யாரும் என் மார்க்கைக் கேட்கவில்லை. செப்டம்பரில் எழுதி 94 வாங்கினேன். அந்த நாலு மாதமும் அந்தத் தாளை என்னிடம் கொடுத்திருந்தால் எவ்வளவு போட்டிருப்பேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தூக்கத்துக்கு 5. தறிச் சத்தத்தில் நின்றுவிட்டுப் படுத்தால் அடித்துப் போட்டது போலத் தூங்குவேன். கடைசிக் கேள்விக்கும் 4 போட்டிருப்பேன்.

அந்த வருடத்து என் வயசுப் பிள்ளைகள் எல்லாருக்கும் சுவர் கிடைத்திருக்காது. ரிசல்ட் வந்த மறுநாள் பத்திரிகையில் இன்னொரு பட்டியலும் வரும், உள்பக்கத்தில், சின்ன எழுத்தில். அது எல்லாருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. சென்னையில் 1986-ல் தொடங்கிய சிநேகா போன்ற தற்கொலைத் தடுப்பு அமைப்புகளில் இருந்தவர்கள், தோற்றவர்களுக்கு உடனே இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2000-களில் உடனடித் துணைத் தேர்வு வந்தது. ரிசல்ட் வந்து சில வாரங்களிலேயே விட்ட பாடத்தை எழுதி அதே வருடம் கல்லூரியில் சேரலாம். எனக்கு அது கிடைத்திருந்தால் தறிப்பட்டறைக்குப் போயிருக்க மாட்டேன். பரவாயில்லை, பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்ததே. எனக்கு இதில் பிடித்தது, யாரும் மாணவர்களைக் கூப்பிட்டு "மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க" என்று பேசவில்லை. காலண்டரில் ஒரு தேதியை மாற்றினார்கள். அப்படித்தான் 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் பழக்கத்தையும் அரசு நிறுத்தியது. (அரசு நிறுத்தியதே தவிர, எங்கள் பைபாஸில் ஃபிளெக்ஸ் நிற்கவில்லை. பிள்ளைகளின் முகம் டிராக்டர் அளவுக்கு.) 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். காலி வயிற்றோடு வந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிச்சடி கொடுத்த பிறகு மற்றதைப் பேசலாம்.

ஆனால் ரிசல்ட் பயம் குறைந்தாலும் மொத்தக் கணக்கு குறையவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் 2022-ல் மட்டும் நாடு முழுவதும் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் பதின்மூன்றாயிரத்துக்கும் மேல். தமிழ்நாடு அதில் முன்வரிசையில் இருக்கிறது. தேர்வு ஒரு காரணம் மட்டும்தான். குடும்பச் சண்டை, நோய், காதல், கடன் எல்லாம் உண்டு, பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் சேர்ந்தே இருக்கும். உலக அளவில் 10-லிருந்து 19 வயதுக்குள் ஏழில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால் ஐந்தாறு பேர். நம்மூரில் அவர்களில் பெரும்பாலோர் எந்த டாக்டரையும் பார்ப்பதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய ஆய்வு, பெரும்பாலான மனநோய்களுக்குப் பத்தில் ஏழு பேருக்கும் மேல் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது. மந்திரிப்பது, கயிறு கட்டுவது எல்லாம் முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. இதைப் படிக்கிற யாருக்காவது தேவைப்பட்டால் 14416 என்று அடிக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. எனக்காகக் கேட்கவில்லை, ஒரு நண்பனுக்காக என்று சொல்லிக்கூடப் பேச்சைத் தொடங்கலாம். எதிர்முனையில் இருப்பவர்களுக்கு அது பழக்கம்.

குட்டிச்சுவரைப் பற்றி ரொம்ப உருகிவிட்டேனோ என்று இதை எழுதும்போதே ஒரு உறுத்தல். அந்தச் சுவரில் என் அக்கா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்திருந்தால் தெருவே பேசியிருக்கும். அவள் பத்தாவதோடு நிறுத்தப்பட்டபோது அவளுக்கு எந்தச் சுவர் இருந்தது என்று நான் கேட்டதும் இல்லை. அதே போல அடுத்த தெருப் பையன்கள், நான் சொல்வது எந்தத் தெரு என்று உங்களுக்குப் புரியும், எங்களோடு பந்து விளையாடுவார்கள், சுவரில் உட்கார மாட்டார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. விரட்ட வேண்டிய தேவையே இல்லாத மாதிரி ஊர் அமைந்திருந்தது. இன்று அது மாறிவிட்டது என்று சொல்ல ஆசைதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த ஒரு பையனை அவன் பள்ளிக்கூடத்துப் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் போட்ட ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பிள்ளை வகுப்பில் எங்கே உட்கார்வது என்பதைப் பக்கத்துப் பையனின் கயிற்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தால், அந்தத் தாளின் இரண்டாவது வரிக்கு, அந்த அமைதிக்கு, எத்தனை போடும்?

செல்போனைப் பற்றி இவ்வளவு நேரம் நான் பேசவில்லை என்று சிலர் காத்துக்கொண்டிருப்பீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டாவது நிமிடத்தில், "எல்லாம் இந்தப் போனால வந்தது" என்று ஒருவர் இலையை மூடிவிடுவார். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10-லிருந்து பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. போன் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. என்னுடைய 11 மார்க்குக்கு முக்கியக் காரணம் ராத்திரி பன்னிரண்டு வரை நான் தள்ளித் தள்ளிப் பார்க்கும் ரீல்ஸ்தான், டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். ஆனால் மருமகளின் ஹாஸ்டலில் போனே கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை ஆபீஸ் போனில் ஐந்து நிமிடம், வார்டன் பக்கத்தில் நிற்பார். போனே இல்லாமல் 8 மார்க்.

வீட்டில் இருக்கிற அவள் தம்பி ஒன்பதாவது. அவனுக்குப் போன் உண்டு, போர்வைக்குள் வைத்து ராத்திரி கேம் ஆடுகிறான் என்று அக்கா புலம்புவாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காதில் ஒயர், நாலு பையன்களின் குரல், ஒரே கூச்சல், சிரிப்பு, கெட்ட வார்த்தை. "இதுல என்னடா இருக்கு?" என்றேன். "அங்கதான் மாமா எல்லாரும் இருக்காங்க" என்றான். எங்கள் குட்டிச்சுவர் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக் கடையும் ஏடிஎம்மும் இருக்கின்றன. கால்வாய்க் கரையில் நாலு பையன்கள் உட்கார்ந்தால் போலீஸ் வண்டி நின்று விசாரிக்கிறது. தப்பில்லை, கஞ்சா பயம் எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் பையன்கள் எங்கே போவார்கள்? தனிமை என்பது திண்ணைக் கிழவர்களின் வியாதி என்று நினைத்திருந்தேன். 2025 ஜூனில் வந்த உலக சுகாதார நிறுவன அறிக்கை, ஆறில் ஒருவர் தனிமையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, அதிலும் பதின்ம வயதினர்தான் மிக அதிகம் என்றது. நானூறு பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் படுக்கிற ஹாஸ்டலிலும் அது இருக்கும். பேசக் கூடாத நேரமாகப் பார்த்துச் சேர்த்து வைத்தால் நானூறு பேர் இருந்தென்ன?

அக்காவைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. "நாலு வருஷம் கஷ்டப்பட்டா நாப்பது வருஷம் நல்லா இருப்பாடா" என்கிறாள். பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள் சொல்கிறாள். மச்சான் எட்டுத் தறி வைத்திருந்தார், நூல் விலையில் இரண்டை விற்றுத்தான் ஃபீஸ் கட்டினார். மகள் அந்தச் சத்தத்துக்குள் வந்து நிற்கக் கூடாது என்பதுதான் அவர்களின் ஒரே ஆசை. இதில் எந்த இடத்தில் கை வைத்து இது தப்பு என்று சொல்வது? ஒன்றே ஒன்றுதான் என்னால் கேட்க முடிகிறது. அந்த நாற்பது வருடம் வரும்போது நல்லா இருக்கத் தெரிந்த ஆள் அதற்குள் மிச்சம் இருக்க வேண்டுமே.

கட்டுச்சோறு முடிந்து, அக்கா தண்ணீர் பிடிக்கப் போனபோது மருமகளிடம் கேட்டேன். "அஞ்சாவதுக்கு மட்டும் ஏன் சாமி மூணு போட்ட? பிடிச்ச விஷயம்னு அப்படி என்ன இருக்கு இங்க?"

"துவைக்கிற கல்லுங் மாமா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. ஹாஸ்டலுக்குப் பின்னால் வரிசையாகப் பத்துத் துவைக்கிற கல் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்து ஒன்றரை மணி நேரம் துணி துவைக்க விடுவார்களாம். வாரத்தில் அந்த நேரத்துக்கு மட்டும்தான் அட்டவணையில் பாடத்தின் பெயர் இல்லை. வார்டன் அந்தப் பக்கம் வர மாட்டார், தண்ணீர் சேலையில் தெறிக்கும் என்று. பத்து கல்லுக்கு நாற்பது பேர் வரிசை. அந்த வரிசையில்தான் யாருக்கு வீட்டில் என்ன, யாருக்கு ராத்திரி அழுகை வந்தது, யார் இன்னொருத்தியின் டப்பாவில் முறுக்கைத் திருடினாள் என்பதெல்லாம் பேசி முடிப்பார்களாம். போன வருடம் ஒரு பெண் பத்து நாள் சாப்பிடாமல் இருந்ததை முதலில் கண்டுபிடித்தது அங்கேதான். சுடிதார் அவ்வளவு தொளதொளவென்று ஆகியிருந்தது பிழியும்போது தெரிந்ததாம். இவர்கள்தான் போய் வார்டனிடம் சொன்னார்கள்.

"அப்புறம்?"

"ஜூன்ல லாண்டரி போட்டுட்டாங்க."

எனக்கு நினைவு வந்தது. பெற்றோர் கூட்டத்தில் அதைப் பெருமையாக அறிவித்தார்கள். புது மெஷின், நம்பர் போட்ட பை, புதன்கிழமை மடித்து வந்துவிடும், மாணவிகளுக்கு வாரம் ஒன்றரை மணி நேரம் மிச்சம், அதில் உயிரியல் ரிவிஷன் டெஸ்ட். அக்கா கை தட்டினாள். நானும்தான் தட்டினேன். பிள்ளைகள் கை வலிக்கத் துவைக்க வேண்டாமே என்று எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

"இப்ப எங்க பேசறீங்க?"

"கர்ச்சீப்பும் சாக்ஸும் மட்டும் நாங்களே துவைச்சுக்கறோம்னு கேட்டு வாங்கிட்டோம். மெஷின்ல தொலைஞ்சு போகுதுன்னு சொன்னோம்."

"கர்ச்சீப் துவைக்க எவ்வளவு நேரமாகும்?"

"முக்கால் மணி நேரம்" என்றாள், முகத்தைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளாமல்.

அப்போதுதான் உறைத்தது. போனில் அவள் சொன்ன பட்டியலில் அரிசி முறுக்கு, கறுப்பு ஹேர்பேண்ட், இருமல் மருந்து, துணி சோப்பு என்று நாலு இருந்தன. அக்கா மூன்றை வாங்கிவிட்டு, லாண்டரி இருக்கும்போது சோப்பு எதுக்கு என்று விட்டுவிட்டாள். காலையில் பையைத் துழாவிப் பார்த்த பிள்ளையின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். முறுக்கு குறைகிறதோ என்று நினைத்தேன்.

மணி பன்னிரண்டரை. கேட்டுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. பேனா, நாப்கின், பிஸ்கட், ரீஃபில், பெற்றோர்களுக்குச் சூடா டீ. சோப்பு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் மேல் தட்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வைத்தார். இரண்டாகக் கொடுங்கள் என்றேன்.

"லாண்டரி வந்தப்பறம் சோப்பு ஓடாதுன்னுதானுங்க நெனச்சேன்" என்றார், சில்லறையை எண்ணிக்கொண்டே. "இப்பத்தான் முன்னவிட ஜாஸ்தி ஓடுது."